நான்காவது ஓட்டை

தாளில் நான்கு ஓட்டைகள் இருந்தன. பிரிட்டா சுட்டது மூன்று.

லைல் கோவால்கி விரல் வைத்து இன்னொரு முறை எண்ணினான். வலது மேல்பக்கம் மூன்று, ஒரு காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடும் நெருக்கத்தில். நான்காவது தனியாகக் கீழ் மூலையில். பத்து நிமிடத்துக்கு முன் அவன் கையாலேயே மாட்டிய புது இலக்குத் தாள் அது. மூன்றின் விளிம்பும் உள்ளே அமுங்கியிருக்க, நான்காவதன் காகிதம் மட்டும் வெளியே, அவனைப் பார்த்துப் பிதுங்கியிருந்தது. பின்னாலிருந்து வந்த குண்டு. பின்னால் இருந்ததோ இரண்டு ஆள் உயர மண்மேடு.

தாளின் மரச் சட்டத்திலிருந்து சிராய் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, புதுத் தாளை மாட்டிவிட்டு நூறு கெஜம் திரும்பி நடந்தான். நாளை விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. இன்று காலை இந்தச் சுடுதளத்தில் நிற்க இடமில்லை. இப்போது ஊரே வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போய்விட்டது. உறைந்த புல் காலடியில் நொறுங்கியது. வெடிமருந்து வாடையும் ஈர இலை வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

கொட்டகையில் பிரிட்டா தரையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் துப்பாக்கி, தோட்டா ஏற்றும் போல்ட் திறந்தபடி. மகளுக்குப் பதின்மூன்று வயது, நாளைதான் முதல் வேட்டை.

"எப்படிப்பா?"

"வலப்பக்கம் மேல போகுது."

"மூணும் ஒண்ணாத்தானே போகுது? அப்போ தப்பு தொலைநோக்கி மேல, என் மேல இல்ல."

"உன் வாய்க்கு மட்டும் குறி தப்பவே தப்பாது."

அவள் சிரித்தாள். "அந்த மூலைத் தூணைப் பாருங்களேன். நான் சுடறப்போ எதோ அதுல பட்டுத் தெறிச்சுது."

தூணில் புதுப் பிளவு. வெள்ளை மரம் தெரிந்தது. லைல் அதைப் பார்க்காதவன்போலத் துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியின் திருகைத் திருப்பினான். கீழே எட்டு கிளிக், இடப்பக்கம் ஆறு.

"எல்லாரும் கோட்டுக்குப் பின்னாலயா?" என்று குரல் கொடுத்தான். கொட்டகையில் அவர்கள் இரண்டே பேர். ஆனாலும் கேட்க வேண்டும்.

"பின்னாலதான்!" பிரிட்டா கையைத் தூக்கினாள்.

ஆர்ரின் டெஷ் போட்ட பழக்கம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் அவன். "முன்னால நிக்கிறது மான்னு தெரிஞ்சா மட்டும் போதாது. அதுக்குப் பின்னால யாரு இருக்கான்னு தெரியணும்" என்று தலையில் குட்டாத குறையாகச் சொல்வான். போன நவம்பரில் சதுப்பு நிலத்து ஓரம் அவன் மார்பில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தான். உடலைத் துளைத்துப் போன குண்டு கிடைக்கவேயில்லை. அன்று சுட்டவர்களை எல்லாம், எத்தனை தடவை சுட்டார்கள் என்று வனக்காவலர் விசாரித்தார்.

"மூணு" என்றான் லைல். மூன்று காலித் தோட்டாக்களை எடுத்தும் கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான். நான்காவது இன்னும் இதே ஜாக்கெட்டின் கிழிந்த பைக்குள் இறங்கி, உள்துணியில் கிடக்கிறது. தூக்கி எறிய ஒரு வருடமாகக் கை வரவில்லை.

பிரிட்டா மூன்று முறை சுட்டாள். கடைசி வெடியோடு மேசை விளிம்பு சடாரென்று சிதறியது.

"அம்மாடி! என்னப்பா அது?"

அவள் முழங்கையிலிருந்து ஒரு சாண்.

எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை மகளிடம் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. "கல்லுல பட்டுத் திரும்பியிருக்கும்" என்றான். தாளைப் பார்க்க நடந்தான்.

தாளில் நான்கு. பிரிட்டாவின் மூன்றும் நடுவை நெருங்கியிருந்தன. பிதுங்கிய ஓட்டை இப்போது மூலையிலிருந்து பாதி தூரம் நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. அவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், காற்றே இல்லாத அந்த அமைதியில், மிக மெல்லிய சத்தம்.

கிளிக். கிளிக். கிளிக்.

அந்தப் பக்கமும் யாரோ குறியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

பழக்கத்தில் கை புதுத் தாளை மாட்டியது. கொட்டகைக்கு விரைந்து வந்து சேர்ந்தான். "போதும், எழுந்திரு."

"இன்னும் மூணே மூணு! குறி சரியாகாம காட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் திருகை இன்னும் இரண்டு கிளிக் திருப்பினான். அவளோடு ஒட்டி நின்றான். மூன்று வெடி. ஒவ்வொன்றுக்கும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. எதுவும் சிதறவில்லை.

போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அவள் கையை மடியில் வைத்தாள். அவன் தாளை நோக்கி ஏறக்குறைய ஓடினான். நட்டநடுவே மூன்று ஓட்டைகள். மூன்றே மூன்று. மறுபடி எண்ணினான். மூன்று. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தாளில் நெற்றியை வைத்து நின்றான்.

பிறகு புரிந்தது.

நான்காவது இன்னும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். தாளின் நடுவிலிருந்து நேர்கோட்டில், நூறு கெஜத்தில், பிரிட்டாவின் ஆரஞ்சுத் தொப்பி.

மண்மேட்டுக்குப் பின்னால் போல்ட் மூடியது. சளக்.

"படு! கீழ படு!"

அவள் காதுக் கவசத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். "என்னப்பா?"

அவன் தாளை முதுகால் மறைத்தான். கைகளை விரித்தான். குரல் கிழிந்தது. "நாலு! ஆர்ரின், நாலு! நாலு தடவ சுட்டேன்!"

"மூணுதான்ப்பா சுட்டேன்!" என்று பிரிட்டா கத்தினாள்.

ஒரு கணம் எதுவுமில்லை. காகம்கூட இல்லை.

அப்புறம் அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து, ஆர்ரினின் வகுப்பில் கேட்ட அதே பொறுமையான குரல்.

"எல்லாரும் கோட்டுக்குப் பின்னாலயா?"

தூரத்தில், அதே நேர்கோட்டில், பிரிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தபடி கையை உயரத் தூக்கினாள்.

"பின்னாலதான்!"