ஏழாவது கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, காலை 11.40.

எஜெரைனே நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தில் பதினாறு கிலோ எடை ஒன்று காணாமல் போயிருந்தது. கைப்பிடி வைத்த வார்ப்பிரும்பு உருண்டை. நான்கு கிலோவில் தொடங்கி இருபத்துநான்கு வரை சுவரோரம் நிற்கும் வரிசையில், பல் விழுந்த இடம் மாதிரி ஓர் ஓட்டை.

12.15.

இன்ஸ்பெக்டர் ஸ்கிர்மாந்தே வாசலில் நின்று பூட்ஸிலிருந்து பனியை உதறினாள். கோட்டுகளை வாங்கி வைக்கும் ஜெனொவைத்தே, குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"போலீஸா இருந்தாலும் பூட்ஸோட உள்ள விடமாட்டேன். கழட்டுங்க."

"உள்ள போட்டுக்க ஷூ கொண்டு வரலையேம்மா."

"அப்போ காலுறையோட போங்க."

சட்டத்தின் பிரதிநிதி காலுறையோடு உள்ளே போனாள். நகராட்சித் துணைத் தலைவர் ரிச்சார்தாஸ் அங்கே காத்திருந்தார். அவரும் காலுறையோடுதான் நின்றார். அதில் அவளுக்கு ஒரு சின்ன திருப்தி.

"ஒரு இரும்பு உருண்டைக்கா சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

"உருண்டை கிடக்கட்டும். எனக்கு எழுத்துல வேணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு கவுன்சில் கூடுது. இந்த மருந்துச்சீட்டு ஜிம்மை வச்சிருக்கறதா, மூடறதான்னு முடிவு பண்ணணும். இலவசமா திறந்துவிட்டா என்ன நடக்கும்னு எல்லாரும் பாக்கட்டும்."

மருந்துச்சீட்டு ஜிம் என்பது ஊர் வைத்த பெயர். மனச்சோர்வில் விழுந்தவர்களுக்கு டாக்டர் மாத்திரையோடு இதையும் எழுதித் தருவார்: பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள், காலை பத்து முதல் பதினொன்றரை வரை. செலவு நகராட்சியுடையது. இதுவரை இருபத்துமூன்று பேர் வந்திருக்கிறார்கள், இன்னும் பதினெட்டுப் பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். ரிச்சார்தாஸ் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். இதனால் என்ன பலன், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் அத்தாட்சி உண்டா? பயிற்சியாளர் ஜில்வினாஸுக்கு இரும்பு தூக்கத் தெரியும், பேசத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று அவனிடம் கேட்டாள் ஸ்கிர்மாந்தே.

"பத்து மணிக்கு. நான்தான் வரிசையா துடைச்சு வச்சேன்."

"காணோம்னு தெரிஞ்சது?"

"எல்லாரும் போனப்பறம். பதினொண்ணு நாப்பது."

"ஜன்னல்?"

"குளிருக்கு அடைச்சு டேப் ஒட்டியிருக்கு. வசந்தம் வர்ற வரைக்கும் திறக்காது."

"வேற கதவு?"

"இல்ல. போறவங்க எல்லாரும் ஜெனொவைத்தேவைத் தாண்டித்தான் போகணும்."

ஜெனொவைத்தே குறுக்கெழுத்தை மூடிவைத்தாள். "ஏழு பேர் வந்தாங்க. ஏழு கோட்டு வாங்கினேன், ஏழு கோட்டு திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் தெரிஞ்ச முகம். ஆளுக்கு ஒரு துண்டு, தண்ணி பாட்டில், ஷூப் பை. கைப்பைகூட என்கிட்டதான் இருக்கும். அதுக்கு மேல இந்தக் கதவு வழியா ஒரு ஊசி போகல."

"ஊசி போகல, பதினாறு கிலோ போயிருக்கு!" என்றார் ரிச்சார்தாஸ். "இந்தம்மா கட்டத்துல தலையை விட்டா ஆனை போனாலும் தெரியாது. இதைப் பாருங்க, இன்ஸ்பெக்டர்."

வருகைப் பதிவேட்டை நீட்டினார். வருகிறவர்கள் வாசலில் தாங்களே கையெழுத்துப் போடுவது வழக்கம். செவ்வாய்க்கிழமைக்குக் கீழே ஏழு கையெழுத்து. ஆறு பெயர்கள் பழையவை. ஏழாவது புதிது. நீல மையில், காகிதம் பள்ளம் விழும்படி அழுத்தி எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தது: ஜ. வில்கைத்தே.

"யார் இந்தப் பொண்ணு?"

"தெரியாது. சீட்டு வாங்கினவங்க யாருக்கும் இந்தப் பேர் இல்ல" என்றான் ஜில்வினாஸ்.

பெண் என்று அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் பெண்பிள்ளையின் குடும்பப் பெயருக்கு வால் உண்டு. 'யெனே' என்று முடிந்தால் ஒருவருடைய மனைவி. 'ஐத்தே' என்று முடிந்தால் கல்யாணமாகாதவள். இதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. பெயரைக் கேட்டதும் கண்ணுக்குள் ஓர் ஆள் வந்து நின்றுவிடுவாள். அங்கே நின்ற எல்லோருடைய கண்ணுக்குள்ளும் இருபது வயது வாட்டசாட்டமான பெண் ஒருத்தி பதினாறு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பொய்ப் பேர்ல நுழைஞ்சு தூக்கிட்டுப் போயிருக்கா. எழுதிக்கோங்க" என்றார் ரிச்சார்தாஸ்.

ஸ்கிர்மாந்தே எழுதிக்கொண்டாள். கிளம்பும்முன் பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ கிடப்பதைப் பார்த்தாள். முப்பத்தேழாம் எண். பழசு, ஆனால் துவைத்துக் கயிறு மாற்றியது.

"யாரோடது?"

"சந்தையில ஒரே கடையிலதான் எல்லாரும் வாங்கறாங்க. யாராச்சும் மறந்திருப்பாங்க" என்றான் ஜில்வினாஸ்.

ஜில்வினாஸின் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. பெயர் எழுதக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை, அதனால் எண்கள் மட்டும். எண் பதினான்கு என்றிருந்த பக்கத்தை அவள் படித்தாள். 'முதல் வாரம்: வாசல் வரை வந்தார். திரும்பிப் போனார். மீண்டும் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. இரண்டாம் வாரம்: பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம்: நான்கு கிலோ, இரண்டு கையால், ஒரு தடவை. அழுதார். ஏழாம் வாரம்: எட்டு கிலோ. ஒன்பதாம் வாரம்: சிரித்தார்.' கீழே இன்னும் இருந்தது. அவளால் அந்த ஒற்றைச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. இருபது வருடமாகக் குற்றப் பதிவேடுகளை மட்டுமே படித்துவந்தவளுக்கு, மனிதர்கள் எழுந்து நிற்பதையும் யாரோ உட்கார்ந்து எழுதி வைக்கிறார்கள் என்பது பெரிய வியப்பாக இருந்தது.

புதன்கிழமை, மாலை 4.10.

அன்றைய பகல் முழுவதும் வில்கைத்தேக்களோடு போனது. மாவட்டத்தில் இளம்பெண்கள் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருத்தி வெளிநாட்டில் படிக்கிறாள். ஒருத்திக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. மூன்றாமவளுக்கு வயது நான்கு.

ஸ்கிர்மாந்தே கூடத்துக்குத் திரும்பி வந்தாள். இந்த முறை ஷூ கொண்டு வந்திருந்தாள், ஒரு துணிப்பையில். பெஞ்சில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டாள். காலிப் பை மடியில் கிடந்தது. அதையே பார்த்தாள்.

"ஜில்வினாஸ், நேத்து வந்த ஏழு பேர் பேரும் சொல்லுங்க. பதிவேட்டைப் பாக்காம சொல்லுங்க."

அவன் விரல்விட்டு எண்ணினான். ஆறு பெயர் பதிவேட்டில் இருந்தவை. "அப்பறம் தார்கியெனேம்மா."

"அவங்க கையெழுத்து இல்லையே."

"போன வாரத்தோட அவங்க பன்னெண்டு வாரம் முடிஞ்சு போச்சு. கையெழுத்துப் போடத் தேவையில்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போக வந்தாங்க."

"அவங்க முதல் பேர் என்ன?"

"ஜிதா."

ஸ்கிர்மாந்தே தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தனியாகச் சிரித்தாள். ஜில்வினாஸ் பயந்துபோய் ஜெனொவைத்தேவைப் பார்த்தான்.

வியாழக்கிழமை, மதியம் 2.00.

அன்று காலையிலேயே அவள் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நான்கு மாடி ஏறி, ஒரு மணி நேரம் கழித்து இறங்கியிருந்தாள். இப்போது கூடத்தில் ரிச்சார்தாஸ், ஜில்வினாஸ், ஜெனொவைத்தே மூன்று பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எடுத்தது ஜிதா தார்கியெனே."

"விளையாடறீங்களா?" ரிச்சார்தாஸ் எழுந்துவிட்டார். "அந்தம்மாவா? எங்க தெருதான். அறுபத்தோரு வயசு. போன கோடையில ரொட்டிக் கடைக்குப் போக முடியாம பாதியில நின்னு அழுதவங்க. நான்தான் கையைப் பிடிச்சு வீட்ல விட்டேன்."

"அதனாலதான் நாம யாரும் அவங்களைப் பாக்கல. கணக்கு ரொம்பச் சின்னது சார். ஏழு கோட்டு, ஏழு முகம், ஏழு கையெழுத்து. எட்டாவதா ஒரு பொண்ணு வந்திருந்தா எட்டாவது கோட்டு எங்க? வெளியில மைனஸ் பதினாலு டிகிரி குளிர். கோட்டு இல்லாம எந்தத் திருடியும் வரமாட்டா. அப்போ ஏழாவது முகமும் ஏழாவது கையெழுத்தும் ஒரே ஆள்தான்."

"பேர்?"

"வில்கைத்தே அவங்க பிறந்த வீட்டுப் பேர். விவாகரத்தாகிப் பதினோரு வருஷம். கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம்னு கடிகாரம் பாத்துக்கிட்டு நின்ன மனுஷனோட பேரை இத்தனை வருஷம் சுமந்திருக்காங்க. மாத்தறதுக்கு அலுவலகம் வரைக்கும் நடக்கத் தெம்பில்ல. செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் புது அடையாள அட்டையை வாங்கிட்டு நேரா இங்க வந்தாங்க. போடத் தேவையில்லாத கையெழுத்தைப் போட்டாங்க. பொய்ப் பேர் இல்ல சார், பேனா கையில இருந்தா யாருக்குத்தான் எழுதிப் பாக்கத் தோணாது? நாமதான் 'ஐத்தே'ன்னதும் குமரிப்பொண்ணைத் தேடி ஓடினோம். நானும் ஓடினேன். எனக்கும் விவாகரத்தாகி ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தாளு பேர்லதான் இருக்கேன். எனக்கே தோணல பாருங்க!"

ஜெனொவைத்தே மெல்லக் கேட்டாள். "ஆனா எப்படிக் கொண்டு போனாங்க? என் கண்ணுக்கு முன்னாடி?"

"அவங்க போறப்ப கையில என்ன இருந்துச்சு?"

"ஷூப் பைதான். ஒரு கையில பை. இன்னொரு கையால கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, கதவைத் தோளால தள்ளிட்டு, 'வர்றேம்மா'ன்னு சொல்லிட்டு..." அவள் பெஞ்சுக்கு அடியில் இன்னும் கிடந்த கான்வாஸ் ஷூவைப் பார்த்தாள். "ஐயோ. ஷூ இங்க இருக்குன்னா பையில?"

"பதினாறு கிலோ" என்றாள் ஸ்கிர்மாந்தே. "நீங்க நல்லாத்தான் பாத்தீங்கம்மா. பை உங்க கண்ணுலயும் பட்டுச்சு. உடம்பு சாயல, தோள் இறங்கல, மூச்சு வாங்கல. அது ஷூ மாதிரி தெரிஞ்சதுன்னா, அவங்க அதை ஷூ மாதிரி தூக்கினாங்கன்னு அர்த்தம்."

ஜில்வினாஸ் நோட்டைத் திறந்து எதையோ தேடினான், பிறகு மூடிவிட்டான். அவன் கண் நிறைந்திருந்தது.

"எதுக்கு எடுத்தாங்களாம்?" ரிச்சார்தாஸின் குரலில் பாதி வேகம் குறைந்திருந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பதிமூணாவது வாரத்துக்குப் பயந்தேன்'னாங்க. விடிகாலை அஞ்சு மணிக்குத்தான் அந்த இருட்டு வந்து நெஞ்சுமேல உக்காருமாம். அந்த நேரத்துல டாக்டரும் இல்ல, ஜிம்மும் இல்ல. இதைத் தூக்கி வச்சா எழுந்து பால் காய்ச்ச முடியுதாம். இன்னும் பன்னெண்டு வாரம் கேட்டிருக்கலாமேன்னேன். வரிசையில பதினெட்டுப் பேர் நிக்கறாங்க, ஒருத்தர் இடத்தை எப்படிப் பிடுங்கறதுன்னு கேட்டாங்க. 'எடுத்தது திருட்டுதான், சாக்குச் சொல்லமாட்டேன், நானே கொண்டு வந்து வைக்கிறேன்'னும் சொன்னாங்க. காரை எடுத்துட்டு வர்றேன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாங்க."

அவள் ஜன்னலைக் காட்டினாள்.

ஏரிமேல் போட்டிருந்த நடைபாலத்தில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சாம்பல் கோட்டு, பின்னிய தொப்பி, வலது கையில் துணிப்பை. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து இங்கே வர ஒரு கிலோமீட்டர். பனி கணுக்கால் வரை கிடந்தது. நடுப்பாலத்தில் ஒரு கிழவர் எதிரே வர, ஒதுங்கி வழிவிட்டு, நின்று ஏதோ விசாரித்து, மறுபடி நடந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. கை மாற்றவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நால்வரும் ஜன்னலை நெருங்கினார்கள். கோடையில் ரொட்டிக் கடைக்குப் போக முடியாதவளா இவள்? மனித உடம்புக்குள் இப்படி ஒன்று ஒளிந்து கிடக்கிறதா? கோவிலில் நிற்பதுபோல நின்றார்கள்.

ரிச்சார்தாஸ் காலுறையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். "கொடுங்கம்மா, கொடுங்க" என்று பையை வாங்கினார். வாங்கியதும் வலது தோள் கீழே போனது, இடது கால் மேலே வந்தது. இரண்டு கையாலும் பிடித்தும் பை தரையில் 'தொம்' என்று உட்கார்ந்தது.

"பாத்து ஐயா, முதுகு பிடிச்சுக்கும்" என்றாள் ஜிதா. "முட்டியை மடக்கித் தூக்கணும். ஜில்வினாஸ் சொல்லித் தரலையா?" பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். "என் பேர்ல எழுதிக்கோங்க. நான் ரெடி."

"புகார் கொடுத்தவர் அவர். அவரைக் கேளுங்க."

ரிச்சார்தாஸ் குனிந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபத்தைந்து. நகராட்சி அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை, பிறகு இரண்டு மாடி. அவர் முகம் சிவந்திருந்தது. இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வில்கைத்தேம்மா, ஒரு உதவி. மூணு மணிக்கு என்கூடக் கூட்டத்துக்கு வரணும்."

"வர்றேன். இதை எடத்துல வச்சிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்" என்றார் அவர். "அதையும் நீங்களே தூக்கிட்டு வாங்க."