சுருட்டிவிட்ட கை

கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஸ்வெட்டரின் இடது கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது. தபித்தாள் காலையில் அதை அலசிப் பிழிந்து, இரண்டு கைகளையும் உதறி நீட்டித்தான் போட்டிருந்தாள். காற்றடித்தால் ஒரு மடிப்பு விழலாம், ஒப்புக்கொள்ளலாம். இது மடிப்பின்மேல் மடிப்பாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சுருட்டியது. அவள் அதை இறக்கிவிட்டாள். ஈரக் கம்பளியில் இன்னும் வாட்டிய தேயிலை வாசம் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் அது போகவில்லை.

அவளே பின்னிய ஸ்வெட்டர். புருஷன் மரியஅந்தோணி கீழ் கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தும் குளிருக்கு நடுங்குகிற ஆள். ஆனி மாதச் சாரலுக்கே காதை மூடி மப்ளர் சுற்றிக்கொள்வான். "மலைக்காரன்னு வெளிய சொல்லீராதீங்க" என்று அவள் கேலி செய்வாள். எஸ்டேட் ஃபேக்டரியில், பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடியில் அவனுக்கு வேலை. தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்கூட ஓடாமல் கிடந்த காலம் அது. டிஸ்பென்சரியையும் பூட்டிவிட்டார்கள். நர்ஸம்மா மலையிறங்கும்போது, அங்கே ஆயாவாக இருந்த தபித்தாளின் கையில் பிரஷர் பெட்டியைக் கொடுத்து, "உனக்குத்தான் பாக்கத் தெரியுமே, சனங்களுக்குப் பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரியும்தான். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றேற்றி, ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு, பாதரசத்தை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முழுசாக நெரித்த நாளத்தில் சத்தம் இருக்காது. தடையில்லாமல் ரத்தம் ஓடுகிற நாளத்திலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே, பாதி நெரிபட்டு முண்டியடித்துப் போகும்போதுதான் டொப், டொப் என்று கேட்கும். முதல் சத்தம் மேல் அளவு, அடங்குகிற இடம் கீழ் அளவு. ஊசியில்லை, வலியில்லை. எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுச் சனம் மொத்தமும் அவளிடம் கை நீட்டியது.

அந்தோணிக்குப் பார்ப்பதுதான் பெரும்பாடு. பார்த்து முடித்ததும், "இரு அம்மிணி, இனி உனக்கு நான் பாக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, முழங்கை மடிப்பில் தன் காதை வைத்து அழுத்துவான். காது ஜில்லென்று இருக்கும். அவள் கூசிச் சிரித்துக் கையை உதறுவாள். "ஒண்ணுமே கேக்கல. உசுரோடதான் இருக்கறயா?" என்பான்.

ஒருநாள் பிடரி வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்தான். வெளியே சாரல் விடாமல் குத்திக்கொண்டிருந்தது. "ஸ்வெட்டரக் கழட்டிரட்டுமா?" என்றுதான் அவன் கேட்டான். "இந்தக் குளுருல எதுக்குங்க? கையச் சுருட்டி உட்டாப் போதும்" என்றது இவள்தான். இவளே சுருட்டினாள். கெட்டிக் கம்பளி, மேலே ஏற ஏறத் தடித்து, அக்குளுக்குக் கீழே கயிறாக இறுகி நின்றது.

"இறுக்கமா இருக்குது அம்மிணி."

"செத்தப் பொறுத்துக்குங்க."

அளவு நல்லபடியாக வந்தது. அவளுக்குச் சொல்ல முடியாத நிம்மதி. மறுநாள் ஃபேக்டரி ஓடுகிற நாள், அதை விட்டால் இனி எப்போதோ. "ஒண்ணுமில்லீங்க, வேலைக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள். மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பரப்பிய இலைமேல் குப்புற விழுந்து கிடந்தானாம். ரத்த அழுத்தம் ஏறி மூளையில் நாளம் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் தலைமுடிக்குள் வாடிய இலை ஒட்டியிருந்தது. அதை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் குன்னூரிலிருந்து மருத்துவ முகாம் ஒன்று வந்தது. வந்த நர்ஸ் பெண் வரிசையைப் பார்த்து, "ஸ்வெட்டரக் கழட்டிட்டு வாங்க. கையச் சுருட்டி உட்டா இறுகிப்போயி, உள்ள இருக்கற பிரஷரு கம்மியாத் தெரியும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். பெட்டியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற தபித்தாளுக்கு, அன்றைக்குத் தான் சுருட்டிவிட்ட கை கண்ணுக்குள் வந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்? பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்கு மறுநாள்தான் கொடியில் அந்தக் கை சுருண்டிருந்தது.

ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தாள். திறந்தபோது இடது கை சுருண்டிருந்தது. கையின் முனையை இடுப்பு விளிம்போடு சேர்த்துத் தைத்து வைத்தாள். மறுபடி திறந்தபோது தையல் பிரிந்து, நூல் அறுபடாமல் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கை சுருண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சாந்தாமணி, "நெனப்பு எங்கியோ இருக்குதுங்க அக்கா, நீங்களே சுருட்டி வெச்சிருப்பீங்க. ஆருக்காச்சும் குடுத்துருங்க" என்றாள். கொடுக்க மனசு வரவில்லை. அதில் அவன் வாசம் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்கு முன்னாலேயே பனிமூட்டம் லைனுக்குள் புகுந்து, எதிர்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்து, கதவிடுக்கில் நுழைந்து, அடுப்புப் புகையோடும் ஈர மண் நெடியோடும் கலந்து அறைக்குள் தங்கிவிட்டது; கரண்டும் இல்லை; ஓடாத ஃபேக்டரியின் பக்கமிருந்து மட்டும், காற்றே இல்லாதபோதும், தகரம் ஒன்று அசைந்து அசைந்து முனகியது. தன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு விறகு எடுக்கப் பின்பக்கம் போன தபித்தாள் உள்ளே திரும்பினாள்.

அவன் ஸ்வெட்டர் நாற்காலியில் இருந்தது. அவன் உட்காரும் நாற்காலி. முதுகு சாய்ந்து, இடது கையை மேசைமேல் நீட்டி.

கை சுருண்டிருந்தது. பக்கத்தில் பிரஷர் பெட்டி திறந்திருந்தது.

அவளுக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கும் அடியில் வேறொன்று பொங்கியது. "சரியாப் பாக்கோணுமுங்களா?" என்றாள். எதிரே உட்கார்ந்தாள். சுருட்டிய கையை மடிப்பு மடிப்பாக இறக்கிவிட்டாள். வெறும் கம்பளிமேல் பட்டையைச் சுற்றினாள். பட்டை தளர்ந்து விழவில்லை. எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

ஸ்டெதஸ்கோப்பைக் கம்பளியின் முழங்கை மடிப்பில் வைத்துக் காற்றேற்றினாள். பாதரசம் ஏறியது. இன்னும் ஏற்றினாள். குமிழின் திருகை மெல்லத் திறந்தாள்.

டொப்.

யாருக்கும் அவள் கேட்டிராத உயரத்தில் கேட்டது அந்த முதல் சத்தம். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய சத்தம். டொப். டொப். அவளுக்கு அழுகை பீறிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. வேலைக்குப் போவேண்டாம். எந்திரிங்க, இப்பவே போயிரலாம்." பாதரசம் இறங்கியது. சத்தம் மங்கியது. விட்டால் போய்விடும். மறுபடி குமிழை அமுக்கினாள். மறுபடி. விரல் மரத்துப்போகும்வரை அமுக்கினாள். காற்று எங்கேயோ கசிந்தது.

சத்தம் நின்றது.

நெரிபட்ட நாளத்தின் மௌனமா, ரத்தம் ஓடுகிற நாளத்தின் மௌனமா? அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்திருந்த தன் இடது கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஸ்வெட்டரின் இன்னொரு கை அதன்மேல் இருந்தது.

அவள் போட்டிருந்த ஸ்வெட்டரின் கை ஒரு மடிப்பு மேலேறியது. நிதானமாக. கரிசனமாக. இன்னொரு மடிப்பு. குளிர் படாமல், கழற்றாமல், பார்த்துப் பார்த்து. முழங்கையைத் தாண்டியது. அக்குளுக்குக் கீழே போய் இறுகியது.

"இறுக்கமா இருக்குதுங்க" என்றாள்.

இன்னொரு மடிப்பு.

"ஏனுங்க... கழட்டிரட்டுங்களா?"

விரல் நுனிகள் நீலம் பாரித்தன. காலியாக இருந்த கழுத்துப் பட்டி அவள் கையை நோக்கிக் குனிந்தது. முழங்கை மடிப்பில் ஜில்லென்று ஒரு காது வந்து அழுந்தியது.

ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுந்தியது.