வந்தவர் குவளை

சகாயராணி நாயோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் அந்தத் தளத்தின் கதவுகள் சாத்திக்கொள்ளும். யாரும் அவளைத் திட்டுவதில்லை. குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சாவு நடந்த வீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்கும்.

அவளுக்கு அது பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் கயத்தாறு அடுக்ககங்களின் மறைவுச் செய்திகளைக் கேட்பாள். காப்பகத்தில் ஒரு நாயைத் தேர்ந்தெடுத்து, உலர்தூள் போட்டுத் துடைத்து, நகம் வெட்டி, கழுத்தில் பட்டை மாட்டுவாள். அழுகை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போவாள். வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

"பங்கை என்ன செய்யப் போறீங்க?"

பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நீர்ப்பங்கு உண்டு. வீட்டுக் குழாய் விரல்ரேகையைப் பார்த்து அவரவர் பங்கை அளந்து ஊற்றும். ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் மாலையோடு அவர் பங்கு நின்றுவிடும். அதற்குள் அந்த வீடு ஒரு நாயை ஏற்றுக்கொண்டால், பங்கில் கால்வாசி நாயின் பேருக்கு மாறும். உயிரோடிருப்பவரின் பங்கில் யாரும் கைவைக்க முடியாது. முதல் பஞ்சத்தில் கிழவர்களை மிரட்டிப் பங்கை எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. நல்ல சட்டம் என்றுதான் சகாயராணியும் நினைத்தாள்.

நாய்க்கென்று தண்ணீர் பெற வேறு வழி இல்லை. தெருவில் குட்டை இல்லை, சாக்கடை இல்லை, ஒழுகும் குழாய் இல்லை. வறண்ட ஆற்றுப் படுகையில் நாக்குத் தள்ளிக் கிடக்கும் நாய்களைக் காப்பக வண்டி அள்ளிக்கொண்டு வரும். மாதம் முடியும்போது, வீடு கிடைக்காதவை உறக்க அறைக்குப் போகும். அங்கே போனது எதுவும் திரும்பியதில்லை.

செவலை ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த நாய். அந்த வீட்டில் அதற்குச் செத்துப்போன தகப்பனாரின் பேரை வைத்தார்கள். சகாயராணி வேண்டாம் என்றாள். அவர்கள் கேட்கவில்லை. தட்டு வைத்து "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் அது அப்பாவின் படத்துக்குக் கீழேயே காலைத் தூக்கிவிட்டது. மூத்த மகன் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

"எங்க அப்பா இப்படிச் செய்ய மாட்டாரு."

"நாய் செய்யும்," என்றாள் சகாயராணி.

விட்டுப்போன பங்கு திரும்பக் கிடைக்காது. செவலைக்கு இருந்தது அந்த மாதக் கடைசி வரைதான். அந்த மாதம் பார்த்துக் கயத்தாறில் சாவே விழவில்லை.

அப்போதுதான் இசக்கி போனில் கூப்பிட்டாள். ஏழாம் தளம்.

"அக்கா, அப்பா இன்னைக்குப் பொழுது தாங்காதுன்னுட்டாங்க. நீங்க வந்திருங்க. அப்புறம் எனக்கு எதுவும் ஓடாது."

சகாயராணி வழக்கத்தை மீறியதில்லை. அன்று மீறினாள். செவலையைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவுகள் சாத்திக்கொண்டன. இசக்கியின் வீட்டு வாசலில் நின்றபோது கட்டிலில் ஒரு மனிதர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம். ஒரு காலத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர்.

அவர் கரண்டியை இறக்கினார்.

"யாரு, நாய்க்காரியா?"

சகாயராணி ஓர் அடி பின்வாங்கினாள்.

"நான் இன்னும் போகலையே தாயி. அவசரமா?"

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் இசக்கி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பா வந்துட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க." சகாயராணி வாரை இழுத்தாள். செவலை நகரவில்லை. அது கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்," என்றார் கோமதிநாயகம். "என் தண்ணியக் குடிக்கப்போறது யாருன்னு ஒரு பார்வை பாத்துக்கிடுதேன். ரெண்டு நாள் விட்டுட்டுப் போ. அதுக்குள்ள நான் கிளம்பிருவேன்."

அவர் கிளம்பவில்லை. ஒரு வாரம் போயிற்று. எழுந்து உட்கார்ந்தார். நாயைத் திட்டினார். நாயோடு சேர்ந்து டிவி பார்த்தார். அவருக்கு அதன் பேர் 'ஏலேய்'. டாக்டர் வந்து பார்த்து, ஆச்சரியம் என்றார். அடுத்த முறை வந்தபோது அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் கெட்டியாகியிருக்கிறது, தண்ணீர் போகவில்லை என்றார்.

இசக்கி மறுபடியும் கூப்பிட்டாள்.

"நாயைக் கூட்டிட்டுப் போயிருங்க அக்கா. அவரு குடிக்க மாட்டேங்காரு. என் முன்னால ஒரு வாய் குடிக்காரு. நான் அங்கிட்டுத் திரும்பினா மிச்சத்தை நாய்க் கிண்ணத்துல ஊத்திருதாரு."

சகாயராணி போனபோது கோமதிநாயகத்தின் உதடு வெடித்திருந்தது. செவலையின் மூக்கு ஈரமாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"என்னத்த? மாசம் முடியப்போவுது. நான் போனாத்தானே அதுக்குப் பங்கு? போக மாட்டேங்குது உசுரு. கொஞ்சம் தள்ளிவிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சகாயராணி எத்தனையோ சாவு வீடுகள் ஏறி இறங்கியவள். யாருக்கும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"உங்க சாவை எனக்குக் குடுக்காதீங்க. இத்தனை வருஷமும் அது தன்னால வந்துச்சு, நான் பின்னால வந்தேன். எந்த வீட்டுக்கும் நான் கூட்டிட்டு வந்ததில்ல. இனி ஒரு சொட்டு அந்தக் கிண்ணத்துல விழுந்தா, நாயை இப்பவே கொண்டுபோயிருவேன். உறக்க அறைக்கு நானே கூட்டிட்டுப் போவேன்."

கோமதிநாயகம் நாயைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கோவக்காரியா இருக்கியே," என்றார் கடைசியில். இசக்கி நீட்டிய தம்ளரை வாங்கி முழுவதும் குடித்தார்.

சகாயராணி நாயைக் கீழே நடத்திக்கொண்டு போனாள். யோசிக்க வேண்டியிருந்தது. மண்தரையில் நாயோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். நாயைக் கூட்டிப்போனால் நாய் சாகும். விட்டுப்போனால், சொன்ன சொல்லை எத்தனை நாள் காப்பாற்றுவார் அந்த மனிதர்? ஒரு வழியும் தெரியாமல் திரும்பி மேலே வந்தாள். இசக்கி கதவைத் திறந்தாள்.

"வந்த காலோட நிக்கீங்களே, தண்ணி குடிங்க அக்கா."

சகாயராணி தலையை ஆட்டி மறுத்தாள். கை தன்னால் உயர்ந்தது. சாவு வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவள் போன வீடெல்லாம் சாவு வீடு.

"இங்க யாரும் போகலையே," என்றாள் இசக்கி. "வந்தவர் குவளை. வீட்டுக் கணக்குல வராது. வாங்கிக்கோங்க."

அப்படி ஒன்று உண்டு என்று சகாயராணி கேள்விப்பட்டிருந்தாள். வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று சட்டம் எழுதியவர்களில் யாரோ பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். கதவுக்கு மேலிருக்கும் வாசல்கண் வெளியாள் வந்ததைப் பார்த்தால் குழாய் ஒரு குவளை ஊற்றும். ஒரே ஆளுக்கு ஒரே வீட்டில் வாரம் ஒரு முறைதான். ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. போனால் தண்ணீருக்கு வந்திருக்கிறார்கள் என்று பேச்சு வரும். அந்தக் குவளைகள் குழாய்க்குள்ளேயே கிடந்தன.

இசக்கி குவளையை வைத்தாள். நிறைந்தது. குழாய் நிற்கவில்லை. அவள் அவசரமாக இன்னொரு குவளையை வைத்தாள். அதுவும் நிறைந்தது. பிறகு நின்றது.

"இது என்ன, ரெண்டு?"

சகாயராணி வாசல்கண்ணைப் பார்த்தாள். அதன் சூடறி ஒவ்வொரு உடம்பையும் அதன் சூட்டை வைத்துத்தான் அடையாளம் காணும். முகத்தைப் பார்க்காது. அவள் காலடியில் செவலை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"வந்தது ரெண்டு பேருல்லா," என்றார் கட்டிலிலிருந்து கோமதிநாயகம்.

மறுநாள் பங்கு நிலையத்தில் துரைப்பாண்டி என்ற அலுவலர் அவள் சொன்னதை இரண்டு முறை சொல்ல வைத்தார்.

"நாய் விருந்தாளியா?"

"வாசல்கண் அப்படித்தான் சொல்லுது சார்."

"அதுக்கு நாயும் தெரியாது, மனுஷனும் தெரியாது."

"தெரிய வைக்கணும்னு நீங்களும் நினைக்கலையே."

அவர் திரையில் சட்டத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். கூடாது என்று எங்கும் இல்லை.

"படுக்க ஒரு வீடு இருக்கு. சரி. குடிக்கத் தண்ணி? ஒரு நாளைக்கு மூணு குவளையாவது வேணும். வாரம் ஒருவாட்டிதான் ஒரு வீடு. ஏழாம் தளம் பூரா கதவு திறக்கணும். மாசம் முடியறதுக்குள்ள திறந்து காட்டு, நாய் இருக்கட்டும்."

"திறக்கும்."

"உனக்கா?" அவர் சிரித்தார். "உன்னைக் கண்டா எங்க வீட்லயே சாத்துவாங்க."

அவர் சொன்னது நடந்தது. ஏழாம் தளத்தில் முதல் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு அணைந்தது. அடுத்ததில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வீட்டில் பேச்சித்தாய் கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் காட்டினாள்.

"எங்க வீட்டு ஆளு நெஞ்சுவலிக்காரரு. நீ என் வாசல்ல நிக்காத. உனக்குக் கும்பிடு."

"தண்ணி மட்டும்தான் கேக்கேன். உங்க பங்குல ஒரு சொட்டும் குறையாது."

"குறையட்டும். பங்கு குறைஞ்சா பரவால்ல, ஆள் குறையக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது.

சகாயராணி நகரவில்லை. அடுத்த கதவைத் தட்டினாள். அதற்கடுத்ததை. தளத்தின் கோடி வரை போய், திரும்பி முதல் கதவிலிருந்து மறுபடி தொடங்கினாள். மறுநாளும் வந்தாள். விரல் முட்டி சிவந்தது. யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், பின்னால் உலோகம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் வந்துகொண்டிருந்தார். வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டிருந்தார். பக்கத்தில் செவலை. அதற்குப் பக்கத்தில், விழுந்தால் பிடிக்கத் தயாராக இசக்கி.

"நீ தள்ளு தாயி. உன் மூஞ்சி சரியில்ல."

பேச்சித்தாயின் கதவை நடைச்சட்டத்தால் இடித்தார்.

"ஏ பேச்சி! கதவைத் திற."

"அண்ணாச்சி, நீங்க போங்க. அந்தப் பொம்பள நிக்கா."

"நிக்கட்டும். அவ என் வீட்டுக்குள்ளயே வந்துட்டா. ஒருதடவை இல்ல, மூணு தடவை. நான் செத்தேனா? வந்து பாரு. தொட்டுப் பாரு. செத்திருந்தா உன் வாசல்ல நின்னு கத்துவேனா?"

உள்ளிருந்து ஓர் ஆண் குரல், நெஞ்சுவலிக்காரர்:

"யாருட்டி, கோமதியண்ணனா? எந்திரிச்சு நடக்காரா?"

"நடக்கேன்டே. தொண்டை காஞ்சுபோச்சு. வந்தவனுக்குத் தண்ணி உண்டா, இல்லையா?"

கதவு திறந்தது. பேச்சித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். சகாயராணியைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் குழாயடியில் குவளையை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த வீட்டில் அத்தனை குவளைகள் இல்லை. நான்காவதுக்கு ஒரு கிண்ணம் எடுத்தாள். அதுதான் செவலைக்கு.

கோமதிநாயகம் தன்னுடையதைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

மாதம் முடிந்த அன்று துரைப்பாண்டி ஏழாம் தளத்தின் கணக்கைப் பார்த்தார். சில வீடுகள் திறக்கவே இல்லை. திறந்தவை போதுமானதாக இருந்தன. ஆனால் அவருக்கு ஒன்று விளங்கவில்லை. நாய் போகாத நேரங்களிலும் வந்தவர் குவளைகள் ஊற்றியிருந்தன. பேச்சித்தாய் இசக்கியின் வீட்டுக்குப் போயிருந்தாள். இசக்கி கோடி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் எதையும் கேட்காமல் நாயின் பேரில் ஒப்புதல் போட்டார்.

அடுத்த கோடையில் கோமதிநாயகம் இறந்தார். தூக்கத்தில் போனார், எதையும் தள்ளிவிடவில்லை. சகாயராணி வந்தபோது தளத்தில் ஒரு கதவும் சாத்திக்கொள்ளவில்லை. இசக்கியின் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. இத்தனை காலத்தில் அவளுக்கு முன்னால் ஆட்கள் வந்து நிறைந்திருந்த சாவு வீடு அது ஒன்றுதான்.

காரியம் நடக்கும்வரை அவள் எதுவும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் மதியம் கேட்டாள்.

"பங்கைச் செவலை பேருக்கு மாத்திருவோம் இசக்கி. விரலை வை. சாயங்காலத்துக்கு மேல முடியாது."

"அதுக்கு வேண்டாம் அக்கா."

"என்ன பேசுத? கதவு இன்னைக்குத் திறக்கும், நாளைக்குச் சாத்தும். பங்கு அப்படியில்ல. அது உறுதி."

"சாத்தினா தட்டுவோம்," என்றாள் இசக்கி. "நீங்க தட்டலையா? அப்பா பங்குக்கு வேற நாயைக் கூட்டிட்டு வாங்க. அங்க இன்னும் கெடக்குல்லா?"

கிடந்தன. சகாயராணிக்கு அவற்றின் நிறமெல்லாம் தெரியும்.

அவள் காப்பகத்துக்குப் போய் ஒரு கறுப்பு நாயோடு வந்தாள். இசக்கி விரலை வைத்தாள். கறுப்பு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. செவலை அதை ஒரு முறை முகர்ந்துவிட்டு, பேச்சித்தாய் வீட்டுக்குப் புறப்பட்டது. அன்று அவர்கள் முறை.

மறுநாள் காலை சகாயராணி மறைவுச் செய்திகளைக் கேட்கவில்லை. காப்பகத்துக்குப் போய், காது கிழிந்த ஒரு வெள்ளை நாயைத் துடைத்துப் பட்டை மாட்டினாள். எட்டாம் தளத்துக்கு ஏறினாள். லிஃப்ட் திறந்ததும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. முதல் கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் பதறினாள்.

"நாய்க்காரம்மா, வீடு மாறி வந்துட்டீங்க. இங்க யாரும் சாகல."

"தெரியும்," என்றாள் சகாயராணி. "அதனாலதான் வந்திருக்கேன்."