பாவாடை உயரம்

எர்ணாவூர் குடியிருப்பில் குணசுந்தரியின் வீடு மூன்றாவது மாடியில். மத்தியான வேளைதான், ஆனாலும் படிக்கட்டில் இருட்டு. மழை ஊறிய சுவரின் வாடை, அதோடு தொழிற்சாலைப் பக்கமிருந்து மூக்கை அரிக்கும் காற்று. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

நான் ரகுபதி. தண்டையார்பேட்டையில் சின்னக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவன். குணசுந்தரி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். பிள்ளைகளின் அளவுகளைப் பதிந்து வைக்க ஒரு சாஃப்ட்வேர் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவள் கணவன் பீம்ராவ் படியிலேயே என்னை மடக்கினான். அவர்களுடைய ஒரே மகள் மதி போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது வயது. அவளுடைய அளவும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. குணசுந்தரி தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாளாம். எதையும் தொடுவதில்லையாம். ஆனால் மூடும்போது அது கேட்கிறதாம்: 'மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை. சேமிக்கவா?'

"அத்த வுட்டு எந்திரிக்க மாட்றா நைனா. சோறு தண்ணி இல்லாம குந்திகினு கீறா. அந்தப் பக்கத்தையே அழிச்சிடு."

முதலில் கோளாறைப் பார்க்கிறேன் என்று சொல்லி, உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் சாஃப்ட்வேர் அந்த அளவுகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். மூடும்போது நகலையும் பக்கத்தையும் ஒப்பிடும். ஏதாவது மாறியிருந்தால்தான் கேட்கும். கால் அங்குலம், அரை அங்குலக் கணக்கில் ஏதோ பிசகு, மாறாததை மாறியதாக எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அதைச் சரிசெய்தேன். மற்றப் பிள்ளைகளின் பக்கங்களைத் திறந்து மூடினேன். எதுவும் கேட்கவில்லை.

மதியின் பக்கத்தைத் திறந்தேன். எதையும் தொடாமல் மூடினேன்.

கேட்டது.

கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

கேட்டது.

கீபோர்டைத் திரும்ப மாட்டி, எது மாறியிருக்கிறது என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். இந்தத் தடவை திரையில் தெரிந்தது.

பாவாடை உயரம். திறந்தபோது பதினெட்டு. இப்போது இருபது.

குணசுந்தரி பின்னால் நின்று படித்தாள்.

"ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சித் தெச்சேன்ணா," என்றாள். "வளர்ற புள்ள, வருசத்துக்கு வருசம் பிரிச்சி வுட்டுக்கலாம்னு. புதுத் துணி, ஒரு நாள்கூட இஸ்கூலுக்குப் போட்டுனு போவல. அதப் போட்டுத்தான் பொதச்சோம்."

பீம்ராவ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"மதியே மடிப்பப் பிரிச்சி வுட்டுக்கினு கீறா," என்றாள். "அது கேக்கறப்பல்லாம் நான் வேணாம் வேணாம்னு அமுக்கிகினு இருந்தேன். வளராத, வளராதன்னு சொல்லிகினு இருந்திருக்கேன்."

அழிக்க என் கை போகவில்லை. பீம்ராவும் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. அவளே குனிந்து 'சேமி' என்பதை அமுக்கினாள்.

மறுபடி திறந்தேன். இருபது. மூடினேன். எதுவும் கேட்கவில்லை.

பீம்ராவ் நீளமாக மூச்சு விட்டான். கோளாறு போய்விட்டது என்று நானும் ஏதோ சொன்னேன்.

அவள் முகம்தான் உடைந்துபோயிருந்தது.

"மடிப்பு தீந்துபோச்சுணா. இன்மே பிரிக்கத் துணி இல்ல."

பெட்டியைத் திறந்து நீலத் துணியை எடுத்துத் தரையில் விரித்தாள். மேசையிலிருந்த அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு மண்டி போட்டாள். ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு பெண் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு, டேப்பின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டாள். ஃபேன் காற்றில் அது அலைந்தது. பீம்ராவ் அவளைத் தூக்கப் போனான்.

பாதி வழியில் நின்றுவிட்டான்.

டேப் நின்றுவிட்டது.

அவள் விரலிலிருந்து முழங்கால் உயரம் வரை அது விறைத்து நேராக நின்றது. அதற்குக் கீழே இருந்த பகுதி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

குணசுந்தரி குனிந்து எண்ணைப் படித்தாள்.

"இருபதே கால்," என்றாள் மெதுவாக. "ஆடாம நில்லு, கண்ணு."