எரிகோவுக்கு மண்ணெடுத்த குழி

நீங்கள் எப்போதாவது குழி வெட்டியிருக்கிறீர்களா? வெட்டிய பிறகு அதை என்ன செய்தீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் கடைசி வீட்டில் சற்குணம் இருந்தாள். வயது பத்து. ஞாயிற்றுப் பள்ளியில் எரிகோவின் கதை கேட்டிருந்தாள். ஏழு நாள் சுற்றி வந்து எக்காளம் ஊதியதும் மதில் இடிந்து விழுந்த பட்டணம் அது. அதைக் களிமண்ணில் கட்டிப் பார்க்க அவளுக்கு ஆசை. தம்பி சகாயமும் பக்கத்து வீட்டுப் பாலனும் சேர்ந்துகொண்டார்கள். பின்சந்தில் மண் வெட்டி வெட்டி, பாலனின் தொடை ஆழத்துக்குக் குழியாகிவிட்டது.

மதில் எழும்பியது. நாளுக்கு ஒரு சுற்று என்று கணக்கு வைத்து, மூவரும் ஏழு சுற்று சுற்றத் தொடங்கினார்கள். மூன்றாம் சுற்றில் பாலன் தும்மித் தடுமாறி மதில்மேலேயே விழுந்தான்.

"இன்னும் ஏழு சுத்து முடியலையே!" சகாயம் அழுதான்.

"என் தும்மலுக்கு அவ்வளவு பலம்லா," என்றான் பாலன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள்.

விளக்கு வைத்ததும் ஜெபம். தினம் ஒரு பிள்ளை வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். அன்று சற்குணத்தின் முறை. மோசே இஸ்ரவேல் மக்களுக்குக் கொடுத்த சட்டங்கள் வந்தன. ஆடு, மாடு, நஷ்டம் என்று நீளமாகப் போயிற்று. சகாயம் கொட்டாவி விட்டான்.

குழி வெட்டினவன் அதை மூடாமல் போய், அதில் மாடோ கழுதையோ விழுந்தால், அவன்தான் பொறுப்பு என்று ஓரிடத்தில் இருந்தது. சற்குணம் அதோடு நிறுத்திவிட்டாள்.

"என்ன புள்ள, எழுத்து தெரியலையா?" என்று கேட்டார் அம்மா.

"அம்மா, பின்சந்துல நாங்க வெட்டின குழி அப்படியே கெடக்கு."

"நம்ம ஊர்ல ஏதுக்கா கழுதை?" என்றான் சகாயம்.

"மாடு இருக்குல்ல! விடியிறதுக்கு முன்னால நாகையா அண்ணே அந்தப் பக்கமாத்தானே வருவாரு? இருட்டுல மாட்டுக்கு என்னடா தெரியும்?"

நாகையா மாட்டை வீடு வீடாக ஓட்டி வந்து, வாசலிலேயே பால் கறந்து கொடுப்பவர். அவருக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அதன் கால் ஒடிந்தால் அவர் பிழைப்பும் போய்விடும். சகாயத்தின் கொட்டாவி நின்றது.

அம்மா அரிக்கன் விளக்கை எடுத்து நீட்டினார். "போய் மூடிட்டு வாங்க. மீதிய அப்புறம் வாசிக்கலாம்."

பாலனையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். மழை விட்டிருந்தது. சந்து முழுவதும் தண்ணீர். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிக் குட்டை. எது குழி? சற்குணம் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தாள். பாலனுக்குப் பொறுமை இல்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

தொபுக்கடீர்!

"கண்டுபிடிச்சிட்டேன்!" தண்ணீருக்குள் நின்றுகொண்டே கத்தினான்.

"மாட்டுக்கு முன்னால நீ விழுந்துட்டியே!" சகாயம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிச்சது போதும், கல்லு தூக்கு. வெறும் களிமண்ண போட்டா மாட்டுக் கால் பொதஞ்சிடும்," என்றாள் சற்குணம்.

முதலில் உடைந்த செங்கற்களைப் போட்டார்கள். அப்புறம் எரிகோ மண்.

"நம்ம பட்டணம்க்கா..."

"எப்படியும் இடிய வேண்டிய மதிலுதானேடா. தள்ளு!"

அதன்மேல், ரயில் எஞ்சினில் எரிந்து சந்தோரம் கொட்டிக் கிடந்த கரிக்கட்டிகளை வாரிப் போட்டு, மூவரும் ஏறிக் குதித்தார்கள். கால் அமுங்கவில்லை. சற்குணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டுக்குப் போய் மீதி அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தாள்.

மறுநாள் விடியுமுன் நாகையா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். மாடு அந்த இடத்தை மிதித்து நடந்தது. அம்மா ஒரு செம்பு பால் வாங்கினார்.