அட்டென்ஷனில் ஒரு பிணம்!

"ஆ...!"

பூங்காவுக்குக் காலை நடைக்கு வந்த பெண்மணி போட்ட அலறலில், போர்வீரர் நினைவுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் சிதறிப் பறந்தன.

கல்லின் அடியில் ஒரு பிணம்!

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியபோது கூட்டம் கூடிவிட்டிருந்தது. ஒருவன் பிணம் பின்னால் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் தலைமுடியை வேறு கோதி விட்டுக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தாள்... பிணத்தைப் பார்த்து அல்ல!

"ஏம்ப்பா, நல்லா சிரி! கல்யாண வீடு பாரு!" என்று அவனை விரட்டினார் ஏட்டு.

அவள் கல்லைப் பார்த்தாள். நாட்டுக்காக உயிரை விட்டவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீரமரணம் அடைந்த தேதி. இரண்டு பெயர்களின் மேல் மென்று ஒட்டிய சூயிங் கம். படியெல்லாம் ஐஸ்க்ரீம் கப்.

பக்கத்தில், கல்லை விட உயரமாக ஒரு பேனர்!

'இன்று மாலை மாவீரர் சிலை திறப்பு! தினமும் காலையில் கணவர் பெயருக்கு ரோஜா வைக்கும் உத்தமிக்கே உங்கள் ஓட்டு!'

மாவீரரின் முகம் தபால்தலை அளவு. நகரசபை வேட்பாளரான மனைவியின் முகமோ லாரி அளவு.

காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பத்தான் இடமில்லை. அவ்வளவு குப்பை.

குனிந்தாள். செத்தவனுக்கு ஐம்பது வயதிருக்கும். காடாக வளர்ந்த தாடி. பின்மண்டையில் அடி. அருகே உருண்டு கிடந்தது பித்தளைப் பூச்சாடி. முதுகின் கீழே நசுங்கிய ரோஜாக்கள்... வாடாத புது ரோஜாக்கள்! ஓரமாக ஒரு ஆணி.

கல்லில் மூன்றாவது பெயர் பாதி சுரண்டப்பட்டிருந்தது. மாவீரரின் பெயர்!

"எவனோ குடிகாரன் மேடம். சுரண்டும்போது வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்துட்டான்."

"விழுந்தவன் இப்படியா படுத்திருப்பான்? காலைப் பாருங்க ஏட்டு."

குதிகால் இரண்டும் ஒட்டி... கைகள் விறைப்பாகப் பக்கவாட்டில்... மூடிய விரல்கள்... கட்டைவிரல் பேண்ட் தையலின் மேல்!

"அய்யய்யோ... அட்டென்ஷன்!"

"நான்தான் மேடம் படுக்க வெச்சேன்" என்றது பின்னால் ஒரு குரல்.

வெள்ளைத் துணி ஒன்றை மடித்துக் கையில் ஏந்தியபடி ஒரு பெரியவர். நினைவுக் கல் சங்கத்தின் தலைவர். பட்டாளத்தில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊரே அவரை டிரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

"கொலை நடந்த இடத்துல கை வைக்கலாமா ஐயா?"

"தப்புதான்... கோணலாக் கெடந்தான். கையில பச்சை குத்தியிருக்கான் பாருங்க, எங்க படை முத்திரை. யாரோ நம்ம ஆளு. பட்டாளத்துக்காரன் இந்தக் கல்லு முன்னாடி கோணலாக் கெடக்கலாமா? கை தானாப் போயிடுச்சு. போர்த்தத்தான் துணி எடுக்கப் போனேன்."

உருப்படியாக ஒரு மனுஷன் என்று நினைத்தாள் இன்ஸ்பெக்டர். அந்த நினைப்பு அதிக நேரம் நீடிக்கவில்லை!

"ஐயோ... என் புருஷன் பேரைச் சுரண்டிட்டானே பாவி!"

ஓடி வந்தாள் பேனர்க்காரி. வீடியோக்காரன் கூடவே வந்தான். அழுகை அவன் கேமரா இருந்த பக்கமே திரும்பியது. அது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் வாங்க" என்று டிரில் மாஸ்டரை மரத்தடிக்கு அழைத்துப் போனாள். காதில் ஏதோ சொன்னாள்.

பெரியவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

திரும்பி வந்தார். கையிலிருந்த துணியைத் தரையில் விட்டெறிந்தார்!

"விலங்கை மாட்டுங்க மேடம். நான்தான் இவனைக் கொன்னேன்."

"என்னது!"

"அந்த மூணாவது பேர் இவனோடதுதான். இவன் சாகவே இல்ல... போர்முனையிலிருந்து ஓடிப்போன கோழை! உயிரோட வந்து நின்னான். ஆத்திரத்துல சாடியால அடிச்சிட்டேன். நான் தூக்குல தொங்கினாலும் பரவால்ல. இவன் யாருன்னு மட்டும் வெளியில விட்டுடாதீங்க. கல்லுல மத்தவங்க பேரும் இருக்கு மேடம்... அவங்களையும் சந்தேகப்பட்டுச் சிரிப்பாங்க!"

தூரத்தில் வேட்பாளர் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஓடிப்போனவன்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

"ஆமா."

"அடிச்சிட்டு, அட்டென்ஷன்ல படுக்க வெச்சு, போர்த்தத் துணியும் எடுத்து வந்தீங்க. ஓடிப்போனவனுக்கு உங்க படையில அந்த மரியாதை உண்டா ஐயா?"

"செருப்புக் காலால கூடத் தொட மாட்டோம்!"

சட்டென்று வாயில் வந்துவிட்டது. பெரியவர் உதட்டைக் கடித்தார்.

"அப்போ, துணியோட வந்தப்ப இவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. நடுவுல உங்க காதுல பேசினது ஒரே ஆளு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினாள்.

"தினம் ரோஜா வெக்கிற உத்தமி... இன்னைக்கு ஏன் வெறுங்கையோட வந்தீங்க?"

"அது... அவசரத்துல..."

"பூ உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சும்மா. பொணத்துக்குக் கீழ இருக்கு!"

கர்ச்சீப் நழுவியது. அழுகை குழாயை மூடியது போல நின்றது.

"நான் பாட்டுக்குப் பூ வெக்க வந்தேன். இங்க நின்னு தன் பேரைத் தானே சுரண்டிட்டு இருந்தான்! ஓடினவனுக்குக் கல்லு எதுக்கு, சிலை எதுக்குன்னான். சாயந்தரம் மேடையேறி ஊர் முன்னாடி மன்னிப்பு கேப்பானாம்! என் தேர்தல் என்னாகறது? சாடியை எடுத்து ஒரே போடு! பெரியவர்கிட்ட சொன்னா கல்லு மானத்துக்காகப் பழியை ஏத்துப்பாருன்னு தெரியும்... செத்தவனா இருந்த வரைக்கும்தான் மேடம் அவன் எனக்குப் புருஷன்!"

இன்ஸ்பெக்டர் அவளுக்கு விலங்கை மாட்டிவிட்டு, பூங்காக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அருவருப்பு மட்டும் போகவில்லை.

டிரில் மாஸ்டர் பிணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து துணியை எடுத்து உதறினார். "மன்னிப்பு கேக்க வந்தானே... அதுக்கும் தைரியம் வேணும்" என்று முணுமுணுத்தபடி மெல்லப் போர்த்தினார்.

நிமிர்ந்தவர் ஏட்டிடம் கேட்டார்:

"அந்த மூணாவது பேரை என்னய்யா செய்யறது?"

ஏட்டு தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"எதுக்கு ஐயா அழிக்கணும்? இப்பதான் செத்துட்டாரே... தேதியை மட்டும் திருத்திடுங்க!"