குஞ்சுகள் யார் பின்னே போகின்றன

கணப்பு எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் அந்த ஏழு கோழிக்குஞ்சுகளும் அதன் பக்கத்தில் தங்கவில்லை. அடியில் தணல் வைத்த தாழ்ந்த மேசை, அதன் மேல் நான்கு பக்கமும் தொங்கும் தடித்த பஞ்சுப் போர்வை. சனோபர் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வையின் ஓரத்தில் விடுவாள். கையை எடுத்ததும் அவை வரிசை கட்டிக்கொண்டு அறையின் வடக்கு மூலைக்குப் போய்விடும். ஈரச்சுவரின் மண்வாசனை வீசும் அந்த மூலையில், வெறுந்தரையில், தாய்க்கோழியின் இறக்கைக்கடியில் புகுந்ததுபோல் ஏழும் நெருக்கியடித்துக்கொண்டு, மெல்லக் கிசுகிசுத்தபடியே கண்ணை மூடும்.

காய்ச்சல் நாட்களில் சனோபரின் மகள் துர்சுனாய் அங்கேதான் படுத்திருந்தாள். அவளைப் புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அடைக்கோழியை நரி தூக்கிப்போன அன்று, எட்டு வயது துர்சுனாய் அழுதுகொண்டே பதினொரு முட்டைகளையும் ஒரு பஞ்சுப்பெட்டியில் அடுக்கிக் கணப்பருகே கொண்டுவந்தாள். நாளுக்கு மூன்று முறை திருப்பிவிட்டாள். திருப்பும்போதெல்லாம் ஒவ்வொரு முட்டையோடும் வாய் ஓயாமல் பேசினாள்.

"உள்ள இருக்கும்போதே நம்ம குரலைக் கேட்டுச்சுன்னா, வெளிய வந்ததும் நம்ம பின்னாடியே சுத்தும்மா. தோள்ல ஏறும். மடியில தூங்கும். ஒண்ணையும் வெட்ட விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அப்போ விருந்துக்கு யாரைடி வெட்டறது? உன்னையா?" என்று சனோபர் சிரித்தாள். அடுத்த வாரமே பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவளை அடக்கம் செய்த நான்காம் நாள் முட்டைகள் விரிசல் விட்டன. பதினொன்றில் ஏழு பொரிந்தன.

ரஷ்யாவில் கட்டிட வேலைக்குப் போயிருந்த கணவன் வந்து, மண் தள்ளிவிட்டு, விடுப்பு முடிந்து திரும்பிவிட்டான். வீட்டில் சனோபரும் ஒன்றரை வயது லோலாவும்தான். லோலா இன்னும் நடக்கவில்லை, தவழ்ந்துகொண்டிருந்தாள். முதலில் எழுந்து நிற்கும் நாளில் குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் கட்டி, யாராவது ஒருவர் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டுகிறவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பார்கள். "நான்தான் வெட்டுவேன், அவ என்கூடத்தான் ஓடிவரணும்" என்று துர்சுனாய் நூலையும் கத்தரிக்கோலையும் தன் தலையணைக்கடியில் பத்திரப்படுத்தியிருந்தாள். தலையணை இன்னும் மூலையில்தான் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், சனோபர் அவித்த மஞ்சள்கருவைத் தினையோடு உதிர்த்து உள்ளங்கையில் வைத்துக் கூப்பிட்டாள். குஞ்சுகள் அவளைப் பார்க்கவே இல்லை. மூலையிலிருந்து கிளம்பி, ஜன்னலோரம் போய் நின்று, ஏழும் ஒன்றாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தன. தரையிலிருந்து எட்டு வயதுப் பெண்ணின் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அவ்வளவு உயரத்தில். பிறகு வளைந்து, திரும்பி, ஒரே சீராக அறையைச் சுற்றிவந்தன. காய்ச்சல் நாட்களில் போட்ட மூலிகைப் புகையின் வாசனை லேசாக எழுந்தது.

நியாயமாகச் சனோபருக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வயிறு குளிர்ந்துபோகிற சந்தோஷம்.

"துர்சுன்," என்றாள். "துர்சுன், கண்ணு."

அன்றிலிருந்து காலையும் மாலையும் அதையே சொன்னாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போது சொன்னாள், லோலாவைத் தூங்கவைக்கும்போது சொன்னாள். சொல்லும்போதெல்லாம் குஞ்சுகள் கொஞ்சிக் கூவின. அந்த வாரம் இரண்டு குஞ்சுகள் மூலையில் விறைத்துக் கிடந்தன. மறுநாள் இன்னும் ஒன்று. கையில் எடுத்தால் ஆற்றுக்கூழாங்கல் போலச் சில்லென்றிருந்தது.

பக்கத்து வீட்டு ஹோஸியத் தயிர் கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைக் கூப்பிட்டே?"

"என் மகளைத்தான்க்கா."

"புத்தி கெட்டவளே! ஊர்ல ஒருத்தி பேரு பூவு, ஒருத்தி பேரு நிலா. கூப்பிட்டா காத்தோட போயிடும். உன் மக பேரு என்னடி? முதல் ரெண்டும் தொட்டில்லயே போச்சேன்னு, மூணாவதாவது நிக்கட்டும்னு நீயே வச்ச பேரு. 'இருக்கட்டும்'னு அர்த்தம். அது பேரில்லடி, கயிறு. நீ கூப்பிடல, கட்டிப்போடறே."

"இருந்தா என்னக்கா? என் பிள்ளை என் வீட்டுல இருந்தா என்ன?"

ஹோஸியத் மூலையைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள். "இருக்க அவளுக்குச் சூடு வேணுமேடி. தனக்குன்னு ஏது? பக்கத்துல ஒண்டறதுங்ககிட்டதான் எடுக்கணும். 'போ'ன்னு சொல்லிடு தங்கம்."

சனோபரால் முடியவில்லை. எட்டு வருடத்தில் விளையாட்டுக்குக்கூட அந்தப் பெயர்க்காரியிடம் 'போ' என்று அவள் சொன்னதில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம்.

துர்சுனாய் இறந்த இருபதாம் நாள், மத்தியானம் பெண்கள் வந்து பிரார்த்தித்து, சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மார்ச் மாதத்தில் யாரும் எதிர்பாராத பனி முற்றத்தை மூடியிருந்தது. சனோபர் வாசலில் உட்கார்ந்து பெரிய கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. உள்ளே லோலாவின் சிணுங்கல் இல்லை.

எட்டிப் பார்த்தாள். மற்றவையும் விறைத்துப்போக, மிச்சமிருந்த ஒரே குஞ்சு முன்னால் நடந்தது. பின்னால் லோலா.

நின்றிருந்தாள். எதையும் பிடிக்காமல். வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் எதையோ சுற்றி மடங்கியிருந்தன. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. உதடுகள் நீலம்.

பாய்ந்து தூக்கினாள். பாதங்களைத் தொட்டாள். ஆற்றுக்கூழாங்கல்.

தலையணைக்கடியிலிருந்து நூலை இழுத்து லோலாவின் இரண்டு கால்களையும் கட்டினாள். மிச்சத்தை மேசைக்காலில் முடிந்தாள். கத்தரிக்கோலைத் தொடவில்லை. கதவை விரியத் திறந்தாள். மூலையைப் பார்த்து நின்றாள்.

"என் தங்கமே. தங்கச்சி பாவம்டி. நீ போ. போ கண்ணு."

குஞ்சு வாசற்படியைத் தாண்டிப் பனியில் இறங்கியது. அறைக்குள் குளிர் குறைந்தது. புகை வாசனை போனது. சனோபர் கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பின்னால் ஒரு சத்தம்.

கத்தரிக்கோல். ஒரே வெட்டு.

திரும்பினாள். நூல் இரண்டாகக் கிடந்தது. லோலா அவளைக் கடந்து நடந்தாள். தடுமாறவில்லை. துள்ளினாள், அக்காவைப்போலவே. சனோபர் வாசற்படியில் அவளை அள்ளினாள். உடம்பு மட்டும் கைக்கு வந்தது. குஞ்சு வெளியேறிய முட்டையின் ஓடுபோல, எடையே இல்லாமல். மூச்சு இல்லை.

முற்றத்துப் பனியில் கால்தடங்கள் பதிந்துகொண்டே போயின. முன்னால் குஞ்சுடையவை. அதன் பின்னே எட்டு வயதுப் பாதங்கள். பக்கத்தில், மிகச் சிறிய இரண்டு பாதங்கள். முசுக்கொட்டை மரத்தைத் தாண்டி. வேலியை நோக்கி.

"துர்சுன்!" என்று அலறினாள். "துர்சுன்! இருடி! இரு!"

தடங்கள் நின்றன.

திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, வாசலுக்கு வந்தன.

கையிலிருந்த லோலா மூச்சை இழுத்தாள்.

பொழுது சாய்ந்தபோது சனோபர் கணப்பருகே உட்கார்ந்திருந்தாள். லோலா மடியில், கண் திறந்தபடி, வலது கையைத் தூக்கியபடி. எதிர்ப்பக்கம் போர்வை தானாக உயர்ந்து தாழ்ந்தது. அடியில் எட்டு வயதுப் பாதங்கள் இரண்டு சூடு தேடி வந்து சனோபரின் முழங்காலில் ஒட்டிக்கொண்டன. தணல் கறுத்தது.

"துர்சுன்," என்றாள் சனோபர். நிறுத்தினாள். மடியில் மூச்சு நின்றது.

"துர்சுன்."

மூச்சு வந்தது. முன்னைவிடச் சில்லென்று.

"துர்சுன்... துர்சுன்..."